நகருக்குள் வந்த ஊர்: திருவொற்றியூரின் கதை

ஆறாம் வகுப்பில் உள்ளாட்சி அமைப்புகள் பாடத்தை நடத்தும்போது ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறோம். மாணவர்களும் மனப்பாடம் செய்து எழுதிவிடுகிறார்கள். ஆனால் ஒரு நகராட்சி இல்லாமல் போய், பக்கத்து மாநகராட்சியின் ஒரு மண்டலமாக மாறினால் அங்கே வாழ்பவர்களுக்கு என்ன மாறுகிறது? இந்தக் கேள்வியை வகுப்பில் எழுப்ப நான் எடுத்துக்கொள்ளும் ஊர், சென்னைக்கு வடக்கே உள்ள திருவொற்றியூர்.

சென்னையைவிட மூத்த ஊர்

ஆங்கிலேயர் புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டத் தொடங்கியது 1640-இல். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே திருவொற்றியூர் புகழ்பெற்ற தலம். சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய ஊர். சுந்தரர் சங்கிலி நாச்சியாரை மணந்ததும், மகிழ மரத்தடியில் அவருக்குச் சத்தியம் செய்து கொடுத்ததும் இங்குதான் என்கிறது பெரிய புராணம். முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் தியாகராசர் கோயிலின் கருவறை, பின்புறம் வளைந்த தூங்கானை மாட வடிவில் கருங்கல்லால் எடுத்துக் கட்டப்பட்டது.

ஆசிரியர்களான நமக்கு இன்னொரு செய்தியும் உண்டு. இக்கோயிலில் இலக்கணம் கற்பிக்கத் தனி மண்டபம் இருந்ததைச் சோழர் காலக் கல்வெட்டுகள் குறிப்பிடுகின்றன. பாணினியின் வடமொழி இலக்கணம் அங்கே விளக்கப்பட்டது. அதாவது, பெருநகரத்தின் நிழலில் வளர்ந்த புறநகர் அல்ல இது. தனக்கென்று கோயிலும் கல்வியும் கொண்டிருந்த ஊர்.

ஊர்ப் பெயர்களில் ஒளிந்திருக்கும் வரலாறு

1708-இல் ஆங்கிலேயர் ஐந்து கிராமங்களைப் பெற்றனர். நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தாங்காடு ஆகியவற்றோடு திருவொற்றியூரும் அதில் அடங்கும். இவற்றுள் நுங்கம்பாக்கமும் வியாசர்பாடியும் முன்பே நகரோடு கலந்துவிட்டன. திருவொற்றியூரோ 300 ஆண்டுகளுக்கு மேல் தனித்தே நின்றது.

1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்தவர் ஜோசப் காலெட். அவர் காலத்தில் நெசவாளர்களுக்காக இங்கே ஒரு குடியிருப்பு உருவானது. காலெட் பேட்டை என்ற அதன் பெயர் மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. அடுத்துள்ள பேருந்து நிறுத்தத்தின் பெயர் டோல்கேட். சுங்கச்சாவடி இருந்த இடம் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. தீப்பெட்டித் தொழிற்சாலையால் ஒரு பகுதி விம்கோ நகர் ஆனது. நெசவு, சுங்கம், ஆலை என்று மூன்று காலங்கள் மூன்று பெயர்களில் நிற்கின்றன. 2021-இல் வந்த மெட்ரோ நிலையங்களும் இதே பெயர்களைத்தான் தாங்கியிருக்கின்றன.

இணைப்புக்கு முன்பே வந்த நகரம்

நிருவாகம் வந்து சேர்வதற்கு வெகு முன்னரே நகரத்தின் தாக்கம் இங்கு வந்துவிட்டது. முதலில் கடல் வழியாக. நம் கிழக்குக் கரையில் அலைகள் மணலை ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர்கள் எழுப்பப்பட்டபோது அந்த மணல் தடுக்கப்பட்டது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வரத்து குறைந்து, இராயபுரத்துக்கு அப்பால் கரை அரிக்கப்பட்டது. மீனவர் குடியிருப்புகள் நிலத்தை இழந்தன. பாறைக் கற்களைக் கொட்டியும், கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகளை அமைத்தும்தான் கரையைக் காக்க வேண்டியதாயிற்று. மாநகரம் அகலமான கடற்கரையைப் பெற்ற அதே காரணத்தால் பக்கத்து ஊர் தன் கரையை இழந்தது.

அடுத்து ஆலைகள் வழியாக. 1955-இல் உருவான என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் இங்கே ஆலை அமைத்துப் புல்லட் மோட்டார் சைக்கிள்களைத் தயாரித்தது. தொழிலாளர் குடும்பங்கள் பெருகின, ஊர் நகரானது.

2011-இல் என்ன மாறியது?

அந்த ஆண்டு சென்னை மாநகராட்சியுடன் 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என 42 உள்ளாட்சிகள் இணைக்கப்பட்டன. 174 சதுர கிலோமீட்டராக இருந்த பரப்பு 426 ஆயிற்று. வார்டுகள் 155-லிருந்து 200 ஆயின. திருவொற்றியூர் முதல் மண்டலமானது. கத்திவாக்கத்தையும் சேர்த்து அதற்கு 14 வார்டுகள்.

சாலை, குடிநீர், கழிவுநீர் போன்ற பெரிய பணிகளுக்குப் பெரிய அமைப்பின் நிதியும் பொறியாளர்களும் கிடைப்பது இணைப்பின் நன்மை. ஊருக்கென்று இருந்த நகர்மன்றமும் தலைவரும் இல்லாமல் போவது அதன் விலை. ஊர்ப் பிரச்சினை இப்போது 200 உறுப்பினர் கொண்ட மன்றத்தில் 14 பேரின் குரலாக ஒலிக்க வேண்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. மாநகராட்சி எல்லை 2011-இல் விரிந்தாலும் சென்னை மாவட்ட எல்லை 2018-இல்தான் விரிந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் திருவொற்றியூர்க்காரர்கள் சொத்துவரியைச் சென்னை மாநகராட்சிக்குச் செலுத்தினார்கள். வருவாய்த் துறைக்கோ திருவள்ளூர் மாவட்டத்தவர்களாக இருந்தார்கள். உள்ளாட்சி வேறு, வருவாய் நிருவாகம் வேறு என்பதை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

வகுப்பறையில்

உங்கள் ஊரும் ஒரு நகரத்தோடு இணைந்திருக்கலாம், அல்லது இணையும் நிலையில் இருக்கலாம். மூன்று செயல்பாடுகளைப் பரிந்துரைக்கிறேன். ஒன்று, பேருந்து நிறுத்தம், தெரு, ஏரி ஆகியவற்றின் பெயர்களைத் திரட்டி, அவற்றின் காரணத்தைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதச் செய்யலாம். இரண்டு, வீட்டிலுள்ள பழைய, புதிய வரி ரசீதுகளை ஒப்பிட்டு, எந்த அலுவலகத்தின் பெயர் மாறியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லலாம். மூன்று, இணைப்பு வேண்டும், வேண்டாம் என இரு அணிகளாகப் பிரித்து விவாதிக்க வைக்கலாம். எந்த அணி வென்றது என்பதைவிட, சாக்கடை அடைத்துக்கொண்டால் யாரிடம் முறையிட வேண்டும் என்பது வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறதா என்று பார்ப்போம். உள்ளாட்சிப் பாடத்தின் பயன் அங்கேதான் இருக்கிறது.