முதியோர் இல்லத்தை எங்கே கட்டுவது?

எங்கள் பகுதிகளில் காணி எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் முதியோர் இல்லம் எழும்புகிறது. புலம்பெயர்ந்த ஒருவர் பூட்டிக்கிடக்கும் வீட்டைத் தருவார், அல்லது ஒரு கோவிலோ மிஷனோ நிலம் ஒதுக்கும். நல்ல மனதோடு செய்யப்படும் காரியங்கள்தான். ஆனால் அந்த இடம் யாருக்குக் கிட்ட, யாருக்குத் தூரம் என்ற கேள்வியை நாம் கேட்பதில்லை.

2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 60 வயதைத் தாண்டியவர்கள் 12.4 சதவீதம். அதன் பிறகு இந்தப் பங்கு கூடியே வருகிறது. வடக்கில் இன்னொரு சுமையும் உண்டு. பிள்ளைகள் போரில் இறந்தோ, காணாமல் ஆக்கப்பட்டோ, வெளிநாடு போயோ தனித்துவிட்ட முதியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் பராமரிக்கும் கடமையைப் பிள்ளைகளிடம் கொடுக்கிறது. பிள்ளையே இல்லாத வீட்டில் அந்தச் சட்டம் யாரைக் கேட்கும்?

இடத்தெரிவில் இரண்டு அளவுகோல்கள் உண்டு. எல்லோருடைய பயணத் தூரத்தையும் கூட்டினால் மிகக் குறைவாக வரும் இடத்தைத் தேடுவது வினைத்திறன். மிகத் தொலைவில் இருப்பவரின் தூரத்தைக் குறைப்பது நீதி. கற்பனையாக ஒரு கணக்குப் போடுவோம். ஒரே வீதியில் நகரத்தில் 60 முதியவர்கள், 12 கிலோமீற்றரில் உள்ள கிராமத்தில் 30 பேர், 40 கிலோமீற்றரில் 10 பேர். இல்லத்தை நகரத்தில் வைத்தால் சராசரித் தூரம் 7.6 கிலோமீற்றர், ஆனால் கடைசிக் கிராமத்தவருக்கு 40. வீதியின் நட்டநடுவில், 20ஆவது கிலோமீற்றரில் வைத்தால் யாருக்கும் 20க்கு மேல் இல்லை. ஆனால் சராசரி 16.4 ஆகிவிடும். 12ஆவது கிலோமீற்றரில் வைத்தால் சராசரி 10, அதிகபட்சம் 28. ஆளுக்குச் சராசரியாக 2.4 கிலோமீற்றர் கூட ஏற்றுக்கொண்டால் கடைசியில் இருப்பவருக்கு 12 கிலோமீற்றர் மிச்சம். எனக்கு இந்த மூன்றாவது இடம்தான் நியாயமாகப் படுகிறது.

கைதடி அரச முதியோர் இல்லம் யாழ். நகருக்கு வெளியே, ஏ9 வீதியை அண்டி இருப்பதை இந்தக் கண்ணால் பார்க்கலாம். தென்மராட்சியில் இருந்தும் நகரில் இருந்தும் பஸ் ஏறிப் போய்ப் பார்க்க முடியும். ஆனால் நெடுந்தீவில் இருப்பவருக்குக் கிலோமீற்றர்க் கணக்கு உதவாது. ஏறக்குறைய ஒரு மணிநேரப் படகு, பிறகு குறிகட்டுவானில் இருந்து பஸ். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. ஆகவே தூரத்தை நேரத்தாலும் பஸ் கட்டணத்தாலும்தான் அளக்க வேண்டும்.

அளக்க முடியாத ஒரு தூரமும் இருக்கிறது. கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்பாக 2017 பெப்ரவரி 20 முதல் பிள்ளைகளைத் தேடிப் போராடத் தொடங்கிய தாய்மாரில் பலர் பதில் கிடைக்காமலேயே இறந்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தாய் தனியாகத்தான் சமைத்துச் சாப்பிடுகிறார். இல்லத்துக்குப் போகலாமே என்று கேட்டால், "பெடியன் வந்தால் இந்த வீட்டுக்குத்தானே வருவான்" என்கிறார். அவரை 60 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள வசதியான கட்டடத்துக்குக் கூட்டிப்போவதைப் பராமரிப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு பெரிய இல்லத்தை விட, பிரதேச செயலகப் பிரிவுக்கு ஒன்றாகச் சிறிய இல்லங்களும், பகலில் வந்துபோகும் நிலையங்களும், வீடு தேடி வரும் பராமரிப்பாளர்களும் பொருத்தம். செலவு கூடும் என்பது உண்மைதான். தாதி, சமையல், அம்புலன்ஸ் எல்லாம் ஓரிடத்தில் இருந்தால் மலிவு. படுத்த படுக்கையாக, தினமும் மருத்துவம் தேவைப்படுபவர்களுக்கு யாழ். போதனா வைத்தியசாலை போன்ற ஒன்றுக்கு அண்மையில் உள்ள இல்லமே பாதுகாப்பு. நடமாடக்கூடியவர்களுக்கு அயலும் கோவிலும்தான் மருந்து.

அடுத்தமுறை இல்லம் கட்டக் காசு சேர்ப்பவர்கள் காணி உறுதியைப் பார்க்க முதல் கிராம அலுவலரிடம் ஒரு பட்டியல் கேட்கட்டும்: தனித்து வாழும் முதியவர்கள் எந்தெந்த ஊரில் எத்தனை பேர்? அவர்களைப் பார்க்க வரக்கூடியவர்கள் எங்கே இருக்கிறார்கள்? கடைசி பஸ் எத்தனை மணிக்கு?