ஆறு மாதம், ஒரு கையெழுத்து: புதுச்சேரிக்காரர்களின் பிரெஞ்சு பாஸ்போர்ட்

பொத்தேரி ஸ்டேஷனில் சாயங்கால மின்சார ரயிலுக்குக் காத்திருந்தால், கல்லூரிப் பிள்ளைகளின் விசா பேச்சு காதில் விழாமல் இருக்காது. போன வாரம் ஒரு பையன், "தாத்தா புதுச்சேரியில பிறந்திருந்தா போதும்டா, பிரெஞ்சு பாஸ்போர்ட் கிடைச்சிருக்கும்" என்றான். பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள். உண்மையோ கிட்டத்தட்ட தலைகீழ்.

1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கின் நிர்வாகமும் இந்தியாவின் கைக்கு வந்தது. ஆனால் அது நிர்வாகம் மட்டுமே. சட்டப்படி ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1956 மே 28 அன்று கையெழுத்தாகி, அல்ஜீரியப் போர் முடிந்த பிறகே, 1962 ஆகஸ்ட் 16 அன்று அமலுக்கு வந்தது. இடைப்பட்ட எட்டு வருஷம் அங்கிருந்தவர்கள் இந்திய ஆட்சியில் வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள்!

ஒப்பந்தத்தின் 4ஆம் பிரிவு சொல்வது இதுதான்: அந்தப் பகுதிகளில் பிறந்து, அங்கேயே வசிக்கும் பிரெஞ்சுக் குடிமக்கள் தாமாகவே இந்தியர் ஆகிவிடுவார்கள். வேண்டாம் என்றால், 5ஆம் பிரிவின்படி ஆறு மாதத்துக்குள் எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும். சும்மா இருந்தால் இந்தியர். கையெழுத்துப் போட்டால் பிரெஞ்சுக்காரர். போட்டவர்கள் ஏறத்தாழ ஐயாயிரம் பேர்தான். பிரெஞ்சுப் படையில் இருந்த 'சொல்தா' குடும்பங்கள் இதில் நிறைய.

அப்பாவின் கையெழுத்து, திருமணமாகாத, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் சேர்த்துக் கட்டுப்படுத்தியது. கணவரின் தேர்வு மட்டும் மனைவியைக் கட்டுப்படுத்தவில்லை. ஆக, ஒரே வீட்டில் இரண்டு நாடு இருக்க வழி உண்டு.

இப்போது 4ஆம் பிரிவை மறுபடி படியுங்கள். "அங்கே பிறந்து" என்கிறது. அப்படியானால் வெளியே பிறந்த பிரெஞ்சுக் குடிமக்கள்? அவர்களை இந்தப் பிரிவு தொடவே இல்லை. அப்பா சைகோனில் உத்தியோகம் பார்த்தபோது பிறந்தவர், பிரெஞ்சுச் சட்டத்தின் பார்வையில், கையெழுத்தே போடாமல் பிரெஞ்சுக்காரராகத் தொடர்ந்தார். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். தலைப்பிரசவத்துக்கு அம்மா கடலூரில் உள்ள தாய்வீட்டுக்குப் போயிருந்தால், அந்தப் பிள்ளை பிறந்தது பிரிட்டிஷ் மண்ணில், அதே விதிதான். புதுச்சேரியிலேயே பிறந்த தம்பிக்குக் கையெழுத்து கட்டாயம். அதனால்தான் இன்றும் இந்த வழக்குகளில் தாத்தாவின் பிறப்புப் பதிவுக்கு அவ்வளவு மதிப்பு.

இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. எனவே பிரான்ஸைத் தேர்ந்தவர்கள் சொந்தத் தெருவிலேயே வெளிநாட்டவர் ஆனார்கள். பிரெஞ்சு அதிபர் தேர்தலில் புதுச்சேரியில் இருந்தபடியே வாக்களிக்கலாம். தங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுக்க முடியாது.

கையெழுத்துப் போடாத தாத்தாக்களைப் பேரப்பிள்ளைகள் இன்று ஏமாளி என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1962-இல் அவர்கள் முன் இருந்த கேள்வி பாஸ்போர்ட்டின் நிறம் அல்ல. தான் பிறந்த ஊரில் அந்நியனாக இருக்கச் சம்மதமா என்பது. அதற்குப் பதில் சொல்ல அவர்களுக்குக் கிடைத்தது ஆறே மாதம்.