உயிர் தொங்குவது கயிற்றில்! மரம் ஏறுவோர் முதல் கயிறு வாங்குமுன்...

தளேகாவ்:

புனே–லோனாவாலா ரயில் பாதையில் உள்ள தளேகாவ் வட்டாரத்தில், ஜூன் மழைக்கு முன் கிளை வெட்டும் வேலை மும்முரமாகிவிடும். அந்த வேலைக்கு முதன்முதலாகப் போகிறவர் அரிவாளைத் தீட்டிக் கொள்கிறார். கயிற்றைப் பற்றி யோசிப்பதில்லை. கடையில் மலிவாகக் கிடைப்பதை வாங்கிக் கொண்டு ஏறிவிடுகிறார்.

நம் ஊர்ப் பனையேறி காலில் தளை போட்டு, நெஞ்சு அணைத்து ஏறுவார். பனைக்குக் கிளை இல்லை. தூங்குமூஞ்சி மரம் அப்படியல்ல. பக்கவாட்டில் நீண்ட கிளைக்குப் போய், ஒரு கையால் வெட்ட வேண்டும். அங்கே ஆளைத் தாங்குவது கயிறு ஒன்றுதான்.

எது ஆகாது?

தேங்காய் நார்க் கயிறு நனைந்து காய்ந்தால் உள்ளே இற்றுப் போகும், வெளியே தெரியாது. பளபளப்பான பிளாஸ்டிக் கயிறு வெயிலில் நொறுங்கும். சுமார் 165 டிகிரி சூட்டிலேயே உருகும். வேகமாக இறங்கினால் உராய்வுச் சூடே அதற்குப் பகை. இவை சாமான் கட்டத்தான்.

எது நல்லது?

மரம் ஏறுவதற்கென்றே பின்னப்பட்ட நைலான் அல்லது பாலியஸ்டர் கயிறு. கனம் 12 அல்லது 13 மில்லிமீட்டர். இதைவிட மெல்லியதில் கைப்பிடியும் முடிச்சும் வழுக்கும். அமெரிக்க மர வேலை விதிப்படி ஏறும் கயிறு சுமார் 2,450 கிலோ வரை அறாமல் தாங்க வேண்டும். 60 கிலோ ஆளுக்கு இவ்வளவு எதற்கு? முடிச்சு போட்டாலே கயிற்றின் பலம் வெகுவாகக் குறையும். கால் வழுக்கினால் விழும் இழுப்போ எடையைப் போலப் பல மடங்கு.

கிளை மேல் மடித்துப் போடுவதால் 50 அடி உயரத்துக்கு 100 அடிக்கு மேல் தேவை. 150 அடி வாங்குவது உத்தமம். முனையில் முடிச்சு இருக்கட்டும்.

தினமும் கயிறு முழுவதையும் விரலால் தடவிப் பாருங்கள். வெட்டு, கருகல், மெலிவு தென்பட்டால் அன்றே ஒதுக்குங்கள். பாரம் இறக்க வேறு கயிறு வையுங்கள். இரவல் கயிறு வேண்டாம்.

ரயில் பாதை மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. ஈரக் கயிறும் மின்சாரத்தைக் கடத்தும். அதன் அருகே ஏறவே கூடாது. நகரத்தில் மரம் வெட்ட 1975-ம் ஆண்டு மராட்டிய மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியும் வேண்டும்.

நல்ல கயிற்றின் விலை பல நாள் கூலியைத் தின்றுவிடும். கூலியை மீண்டும் சம்பாதிக்கலாம். ஊரில் மணியார்டருக்குக் காத்திருக்கும் குடும்பத்துக்கு, ஆள் போனால் யார் வருவார்?