இங்கிலீஷ்ல எல்லாரும் 'நீ' இல்லைங்க, எல்லாரும் 'நீங்க'

இந்த எபிசோட்ல ஒரே ஒரு குட்டிச் சொல்லை எடுத்துக்குவோம். இங்கிலீஷ்ல இருக்குற 'யூ'.

ஆபிஸ்ல வேலை பார்க்குற நண்பர்கள் அடிக்கடி சொல்ற விஷயம் இது: "இங்கிலீஷ்ல பேசினா ஒரு நிம்மதி. மேனேஜரும் யூ, நேத்து சேர்ந்த ஃப்ரெஷரும் யூ. தமிழ்ல வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே நீயா, நீங்களான்னு மனசுக்குள்ள கணக்குப் போட வேண்டியிருக்கு."

அந்தக் கணக்கு உண்மைதான். ஆனா இதுக்குப் பின்னாடி ஒரு நம்பிக்கையும் இருக்கு. இங்கிலீஷ்காரங்களுக்கு மரியாதைச் சொல்லே கிடையாது, அப்பாவையும் 'நீ', வாத்தியாரையும் 'நீ'ன்னுதான் கூப்பிடுறாங்கன்னு நம்மள்ல பல பேர் நினைக்கிறோம். வரலாறு வேற சொல்லுது. 'யூ'ங்கிறது 'நீ' இல்லை. அது 'நீங்க'. இங்கிலீஷ்ல காணாமப் போனதுதான் 'நீ'.

தொலைஞ்சு போன 'நீ'

ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இங்கிலீஷ்ல எதிர்ல ஒருத்தர் இருந்தா ஒரு சொல், பல பேர் இருந்தா வேற சொல். ஒருத்தருக்கு 'தௌ', பல பேருக்கு 'யீ'. 'யூ'ங்கிறது அந்த 'யீ'யோட இன்னொரு வடிவம், நம்ம 'உங்களை', 'உங்களுக்கு' மாதிரி. இதுல மரியாதைங்கிற பேச்சே கிடையாது, வெறும் தலை எண்ணிக்கைதான். ராஜாவா இருந்தாலும் ஆள் ஒருத்தர்தானே? அவரும் 'தௌ'தான்.

1066-ல நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடிச்சாங்க. அரண்மனையில பிரெஞ்சு உட்கார்ந்துச்சு. பெரிய மனுஷன் ஒருத்தரைப் பன்மையில கூப்பிடுற பிரெஞ்சுப் பழக்கம் 13-ம் நூற்றாண்டு வாக்குல இங்கிலீஷுக்குள்ளயும் வந்துச்சு. அப்புறம் மேல இருக்குறவருக்கு 'யூ', வேலைக்காரருக்கும் குழந்தைக்கும் 'தௌ'. ரொம்ப நெருக்கமானவங்களுக்கும் 'தௌ'. கோபம் வந்தாலும் 'தௌ'. 1603-ல வால்டர் ராலே மேல ராஜதுரோக வழக்கு நடந்தப்போ, அரசு வக்கீல் எட்வர்ட் கோக் அவரை வேணும்னே 'தௌ'ன்னு கூப்பிட்டு அவமானப்படுத்தினார். நம்ம ஊர்ல சண்டை முத்தினதும் 'என்னங்க' போய் 'என்னடா' வருமே, அதேதான்.

அப்புறம் நகரங்கள் வளர்ந்துச்சு, முகம் தெரியாதவங்க அதிகமானாங்க. எதிர்ல நிக்கிறவர் யாருன்னு தெரியலைன்னா எது பாதுகாப்பு? மரியாதைச் சொல்லுதான். அப்படியே எல்லாரும் எல்லாருக்கும் 'யூ' கொடுக்க ஆரம்பிச்சாங்க. 17-ம் நூற்றாண்டு முடியறதுக்குள்ள பொதுப் பேச்சுல 'தௌ' கிட்டத்தட்ட செத்துப் போச்சு. யார்க்‌ஷயர் மாதிரி சில வட்டார வழக்குகள்லயும் ஜெபத்துலயும் மட்டும் தங்குச்சு. 1611-ல வந்த இங்கிலீஷ் பைபிள்ல கடவுள் 'தௌ'. இன்னைக்குக் கேட்கிறவங்களுக்கு அது ஏதோ உயர்ந்த, பவித்திரமான சொல்லாத் தெரியுது. ஆனா அது வெறும் 'நீ'. நாமளும் முருகனை 'நீ'ன்னுதானே கூப்பிடுறோம்?

சமமாக ரெண்டு வழி

'தௌ' செத்துட்டிருந்த அதே காலத்துல அதை விட மாட்டோம்னு ஒரு கூட்டம் நின்னுச்சு. குவேக்கர்கள்ங்கிற கிறிஸ்தவப் பிரிவினர். கடவுள் முன்னாடி எல்லாரும் சமம், அதனால நீதிபதியா இருந்தாலும் 'தௌ'தான்னு பிடிவாதமா இருந்தாங்க. அதுக்காகத் திட்டும் அடியும் வாங்கினாங்க.

இங்க ஒண்ணைக் கவனிங்க. குவேக்கர்கள் எல்லாரையும் 'நீ'க்கு இறக்கிச் சமம் ஆக்கப் பார்த்தாங்க. மத்த இங்கிலாந்து, பெருசா திட்டம் எதுவும் இல்லாமயே, எல்லாரையும் 'நீங்க'வுக்கு ஏத்திடுச்சு. ஸ்வீடன் இறக்குற வழியில போச்சு. 1967-ல அங்க ஒரு பெரிய சுகாதாரத் துறையோட தலைவரா வந்த ப்ரோர் ரெக்ஸெட், ஊழியர்கள் எல்லார்கிட்டயும் 'நீ'ன்னு பேசப் போறேன்னு அறிவிச்சார். அந்தக் காலத்துல நாடு முழுக்க வந்த மாற்றத்துக்கு அவர் அடையாளம் ஆயிட்டார்.

நம்ம கதையும் இதேதான்

தமிழ்லயும் ஆரம்பத்துல 'நீ'ன்னா ஒருத்தர், அவ்வளவுதான். 'நீயிர்', 'நீவிர்', 'நீர்' எல்லாம் பல பேருக்கு. 13-ம் நூற்றாண்டு நன்னூல் இதையெல்லாம் வரிசையாச் சொல்லுது. ஆனா ஒருத்தரையே பன்மையில சொல்ற பழக்கம் அதுக்கும் ரொம்ப முன்னாடியே இருந்திருக்கு. இது வழக்குல இருக்குற உயர்வுப் பேச்சு, இலக்கணப்படி வர்றது இல்லைன்னு தொல்காப்பியமே குறிச்சு வெச்சிருக்கு.

அப்புறம் பன்மையா இருந்த 'நீர்' ஒருத்தருக்கான மரியாதைச் சொல் ஆச்சு. பல பேருக்குன்னு 'கள்' போட்டு வந்த 'நீங்கள்' இருந்துச்சு. அதையும் ஒருத்தருக்கு மரியாதையாக் கொடுத்துட்டோம். இப்போ பல பேரைக் கூப்பிட என்ன பண்றோம்? 'நீங்க எல்லாரும்'. 'யூ' ஒருத்தருக்கும் போனதால அமெரிக்கத் தெற்குல 'யூ'வோட 'ஆல்' சேர்த்து 'யால்'னு சொல்றாங்க. அதே ஓட்டையை அதே மாதிரிதான் அடைச்சிருக்கோம்!

கொங்கு 'ங்க'

இதுல நம்ம கொங்கு நாடு ஒரு படி மேல போயிடுச்சு. தொண்டாமுத்தூர்ல பஸ் ஸ்டாப்ல நின்னு "பேரூர் பஸ் போயிருச்சுங்களா?"ன்னு கேளுங்க. "இப்பத்தானுங்க போச்சு, மழை வேற வருமாட்ட இருக்குதுங்க"ன்னு பதில் வரும். பஸ்ஸுக்கும் மழைக்கும் எதுக்கு மரியாதை? அது பஸ்ஸுக்கு இல்லைங்க, கேட்கிற உங்களுக்கு. வாக்கியத்துல நீங்க எங்கயுமே இல்லை, ஆனா வாக்கியத்தோட வால்ல உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கு. 'வாருங்கள்'ல இருக்குற பன்மைதான் இதுக்கும் வேர். கேட்கிறவரை இப்படி வினைச்சொல்லுலயே குறிக்கிற பழக்கம் ஸ்பெயின் பக்கம் பேசுற பாஸ்க் மொழியிலயும் இருக்கு.

தமிழ்நாடு முழுக்க இந்த 'ங்க' உண்டு. ஆனா கோயமுத்தூர் பாஷைன்னாலே எல்லாருக்கும் முதல்ல ஞாபகம் வர்றது இதுதான். நாமளும் அதுல பெருமைப்படுறோம். சில வீடுகள்ல குழந்தையைக்கூட "வாங்க கண்ணு, சாப்புடுங்க சாமி"ன்னுதான் கூப்பிடுவாங்க.

ஆனா ஒரு கேள்வி கேட்டே ஆகணும். இந்த 'ங்க' எல்லாருக்கும் கிடைச்சுதா?

இல்லை. தோட்டத்துல வேலை செஞ்ச தலித் பெரியவர், பண்ணையக்காரர் வீட்டுச் சின்னப் பையனைக்கூட 'சாமி', 'வாங்க'ன்னு கூப்பிடணும். அந்தப் பையன் திருப்பி அவரை 'வாடா'ன்னு கூப்பிடலாம். நரைச்ச தலைக்குக் கிடைக்காத 'ங்க' அரைடிராயர் பையனுக்குக் கிடைச்சுது. இது ஏதோ ரொம்பப் பழைய கதை இல்லை. உங்க தாத்தா பாட்டிகிட்ட கேட்டுப் பாருங்க, பார்த்ததைச் சொல்வாங்க. பெருமாள்முருகனோட 'கூள மாதாரி' நாவல் இந்த உலகத்தைத்தான் ஒரு ஆடு மேய்க்கிற பையன் வழியாக் காட்டுது.

இதே கொங்கு மண்ணுல, ஈரோட்டுல இருந்து வந்தவர் பெரியார். சின்னப் பசங்களையும் அவர் 'வாங்க, போங்க'ன்னுதான் பேசுவார்னு பழகினவங்க சொல்லியிருக்காங்க. குவேக்கர்கள் கீழ இறக்கினாங்க, பெரியார் மேல ஏத்தினார். நம்ம ஊருக்கு ஏத்துறதுதான் சரின்னு தோணுது. ஏன்னா இங்க சிலர் தலைமுறை தலைமுறையா 'நீ'யை மட்டுமே கேட்டிருக்காங்க. அவங்ககிட்டப் போய் 'சமத்துவம், அதனால நீ'ன்னு சொன்னா அதுல அவங்களுக்குப் புதுசா என்ன இருக்கு?

அப்போ 'நீ' தப்பா?

நிச்சயமா இல்லை. அம்மாவை 'நீ'ன்னுதான் நம்மள்ல பல பேர் சொல்றோம். ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன்னு ரெண்டு பேர் 1960-ல எழுதின ஒரு பிரபலமான கட்டுரை இதை அழகாப் பிரிக்குது. ரெண்டு பக்கமும் 'நீ'ன்னா அது நெருக்கம். ஒரு பக்கம் மட்டும் 'நீ'ன்னா அது அதிகாரம்.

பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினா கேரளா. அங்க போலீஸ்காரங்க பொதுமக்களை 'எடா', 'எடி', 'நீ'ன்னு கூப்பிடக் கூடாதுன்னு 2021-ல உயர் நீதிமன்றம் சொல்லுச்சு. ஸ்டேஷன்ல வர்ற 'நீ'யை யாரும் திருப்பிச் சொல்ல முடியாதுல்ல, அதுதான் பிரச்சினை. நம்ம ஏடிஎம் மெஷினைப் பாருங்க, கார்டைச் சொருகுறவர் யாரா இருந்தாலும் 'உங்கள்'தான். ஒரு மெஷினால முடியுது.

அதனால நீயா நீங்களான்னு அடுத்த தடவை குழப்பம் வந்தா, வயசு, சம்பளம், யூனிஃபார்ம் எதையும் பார்க்க வேண்டாம். ஒரே ஒரு சோதனை போதும்: நான் சொல்ற இந்தச் சொல்லை அவர் அப்படியே எனக்குத் திருப்பிச் சொன்னா நான் சும்மா இருப்பேனா? இருப்பேன்னா தாராளமா 'நீ'ன்னு சொல்லுங்க. இல்லைன்னா, அபார்ட்மெண்ட்ல குப்பை எடுக்க வர்ற அம்மாவுக்கும், உணவு கொண்டு வர்ற தம்பிக்கும், ஒரு 'ங்க' சேர்த்துக்குங்க. கொங்குத் தமிழ்ல அதுக்குப் பஞ்சமே இல்லை.

உங்க வீட்டுல யாரு யாரை எப்படிக் கூப்பிடுறாங்கன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாமுங்க.