மலையில் நல்ல காற்று. மார்பில் ஏன் புகை?

சேர்வராயன் மலையின் தூய காற்றை நாடி, ஊர் ஊராக மக்கள் ஏற்காட்டுக்கு வருகிறார்கள். அம்மலையிலே, கரடியூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்தில் பாடுபடும் தோழரோ, குளிருக்கு ஒரு பீடி, களைப்புக்கு ஒரு பீடி என நஞ்சை உள்ளே இழுக்கிறார். கொடுமையல்லவா?

பீடி சிறியது, கேடும் சிறியதா? அன்று! தூள் குறைவுதான். ஆனால் அணையாமலிருக்க அடிக்கடி இழுக்கவேண்டும். தாரும் நிக்கோட்டினும் சிகரெட்டுக்குக் குறையாமல் உள்ளே போகின்றன. புகைப்போரையே நுரையீரல் புற்றுநோய் மிகுதியாகப் பற்றுகிறது என்பதை 1950இலேயே இங்கிலாந்தில் டாலும் ஹில்லும் ஆராய்ந்து காட்டினர்.

புகைக்காதவரையும் இந்நோய் விடுவதில்லை. பிறர் விடும் புகை, விறகடுப்புப் புகை, கல்லுடைக்கும் தூசு மூன்றும் பகையே. வீட்டுக்குள் புகைக்காதீர்! அடுப்படிக்குப் புகைபோக்கி வையுங்கள்! தூசு பறக்கும் வேலையில் தண்ணீர் தெளிப்பையும் முகமூடியையும் முதலாளியிடம் உரிமையோடு கேளுங்கள்!

“இத்தனை ஆண்டு பிடித்தாயிற்று, இனி விட்டென்ன?” என்பார்க்கு நாம் சொல்வோம்: விட்ட பத்தாண்டில், விடாதவரைவிட ஆபத்து ஏறத்தாழப் பாதியாகிறது. விடத் துணை வேண்டுமா? 1800-11-2356 என்ற அரசு எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம்.

மூன்று வாரம் தாண்டிய இருமல், சளியில் இரத்தம், காரணமில்லா மெலிவு இவற்றைப் ‘பனி இருமல்’ என்று ஒதுக்காதீர். காசமாகவும் இருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம், சோதித்தால்தான் தெரியும். மலையிறங்கினால் சேலத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. சென்னை அடையாற்றில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கிறது.

தோட்டத்துக்கு உழைப்பைக் கொடுத்தோம். பீடிக்கு உயிரையும் கொடுப்பதா?