வைஃபைக்கு ஒரு கிரிவலம்!

பௌர்ணமி ராத்திரி. அடி அண்ணாமலையில் உங்க வீடு. வாசல்ல கிரிவலக் கூட்டம் நிக்காம நகர்ந்துக்கிட்டே இருக்கு. உள்ளே உங்களுக்கு மட்டும் வேர்த்துக் கொட்டுது. ஏன்னா, நாளைக்குக் காலையில 9 மணிக்கு கேம்பஸ் இன்டர்வியூ முதல் ரவுண்டு... ஆன்லைன் டெஸ்ட். லேப்டாப்போ வைஃபையைப் பிடிக்கிறதும் விடுறதுமா கண்ணாமூச்சி ஆடுது!

'ஃபார்மட் பண்ணிட்டா சரியாயிடும்டா' - இது பக்கத்து வீட்டு அண்ணன். 'கார்டு போயிருக்கும் தம்பி, மாத்திடலாம்' - இது போன்லயே நோயைக் கண்டுபிடிக்கிற சர்வீஸ் கடை.

கொஞ்சம் பொறுங்க பாஸ்! 14 கிலோமீட்டர் பாதையில எட்டுத் திக்குக்கும் ஒரு லிங்கம். ஒவ்வொண்ணா நின்னு கும்பிட்டுட்டுத்தானே ஜனங்க நகர்றாங்க? நாமளும் அப்படியே எட்டு ஸ்டாப் போடலாம். ஒண்ணைப் பார்த்து முடிச்சிட்டுத்தான் அடுத்தது. எல்லாத்தையும் ஒரே நேரத்துல நோண்டினா, எதனால சரியாச்சுன்னே தெரியாம போயிடும்.

ஸ்டாப் 1: தப்பு யார் மேல?

அதே இடத்துல, அதே வைஃபையில உங்க போனை கனெக்ட் பண்ணுங்க. போனும் தடுமாறினா கோளாறு ரவுட்டர்லயோ, வெளியில இருந்து வர்ற லைன்லயோதான். போன் ஜம்முனு ஓடினா லேப்டாப் மேல சந்தேகம். இப்போ போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை அதுல இணைங்க. கனெக்‌ஷன் விடாம நின்னா, கார்டு உயிரோடதான் இருக்கு!

ஒரு எச்சரிக்கை... பௌர்ணமி அன்னிக்கு லட்சக்கணக்கான போன்கள் அதே டவர்களைத்தான் இழுத்துக்கிட்டு இருக்கும். ஹாட்ஸ்பாட் கோடு முழுசா இருந்தும் நெட் ஊர்ந்தா, பாவம் லேப்டாப்பைத் திட்டாதீங்க. அந்தக் கோடு காட்டுறது லேப்டாப்புக்கும் போனுக்கும் உள்ள நெருக்கத்தை மட்டும்தான்.

ஸ்டாப் 2: சுவிட்ச்

சிரிக்காதீங்க! ஏரோபிளேன் மோடு ஆன் ஆகியிருக்கிறது ரொம்ப சகஜம். கீபோர்டு மேல் வரிசையில விமானம் அல்லது ஆன்டெனா படம் போட்ட கீ, கை தவறிப் பட்டாலே போதும். பழைய மாடல்கள் சிலதுல பக்கவாட்டுல தள்ளுற சுவிட்சே இருக்கும்.

ஸ்டாப் 3: இடம்

உங்க வீட்டுக்கும் பெரிய கோயிலுக்கும் நடுவுல 2,668 அடி உயரக் கல் மலை நிக்குது. டவுன் பக்கத்து டவர் சிக்னல் அதைத் துளைச்சுக்கிட்டு வராது. வீட்டுக்குள்ளயும் அதே கதைதான். கருங்கல் சுவர், கான்கிரீட் தூண், இரும்பு பீரோ எல்லாமே குட்டி குட்டி மலைகள்!

வைஃபையில ரெண்டு பாதை உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகம் கம்மி, ஆனா சுவர் தாண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் ஜாஸ்தி, சுவரைக் கண்டா சுருண்டுடும். நம்ம நாட்டுல 2.4 பாதையை 2005-லயே லைசென்ஸ் இல்லாம திறந்து விட்டுட்டாங்க. அதனால ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு, பக்கத்து வீட்டு ரவுட்டர்னு எல்லாரும் அங்கதான் நெருக்கியடிக்கிறாங்க. லேப்டாப்ல செருகியிருக்கிற யு.எஸ்.பி. 3.0 ஹார்டு டிஸ்க்கூட அந்தப் பாதையில இரைச்சல் போடும். கழற்றிட்டுப் பாருங்க.

ஸ்டாப் 4: பேரே தெரியலையா?

போன்ல ஹாட்ஸ்பாட் ஆன். பக்கத்து ஃப்ரெண்டு லேப்டாப்ல பேரு தெரியுது, உங்களோடதுல தெரியல. என்ன மர்மம்? போன் 5 கிகாஹெர்ட்ஸ்ல ஹாட்ஸ்பாட் விடுது. பழைய லேப்டாப்புகள் பலதுக்கு 2.4 மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸ்ல 'பேண்ட்' என்பதை 2.4-க்கு மாத்துங்க. 2011-ல தொடங்கின அரசு இலவச லேப்டாப் திட்டத்துல அக்கா வாங்கின லேப்டாப்தான் இன்னும் வீட்டுல ஓடுதுன்னா, முதல் வேலையா இதைப் பாருங்க!

ஸ்டாப் 5: மறந்துடுங்க!

காதல்ல கஷ்டம், வைஃபையில ஈஸி. ரவுட்டர் பாஸ்வேர்டை யாரோ மாத்தியிருப்பாங்க, லேப்டாப் பழசையே சொல்லிக்கிட்டு வாசல்ல நிக்கும். அந்த நெட்வொர்க்கை 'ஃபர்கெட்' பண்ணிட்டு, புதுசா பாஸ்வேர்டு அடிச்சு நுழையுங்க. ரவுட்டரையும் ஒரு நிமிஷம் அணைச்சுட்டுப் போடுங்க.

ஸ்டாப் 6: கனெக்ட் ஆயிடுச்சு... ஆனா நெட் இல்லை!

முதல்ல தேதியைப் பாருங்க. போர்டுல இருக்கிற குட்டி பேட்டரி செத்துட்டா, லேப்டாப் பல வருஷம் பின்னாடி போயிடும். தேதி தப்பா இருந்தா பாதுகாப்பான சைட்கள் திறக்காது. தேதியைத் திருத்தினாலே பாதிப் பேருக்குத் தலைவலி தீரும்.

அடுத்து ஐ.பி. நம்பர். அது 169.254-னு ஆரம்பிச்சா, ரவுட்டர் உங்களுக்கு நம்பரே கொடுக்கலைன்னு அர்த்தம். அன்னதான டோக்கன் மாதிரிதான். சாதாரண ரவுட்டர்கிட்ட அதிகபட்சம் 253 டோக்கன் இருக்கும், பலதுல அதைவிடக் கம்மியா செட் பண்ணியிருப்பாங்க. ஹாஸ்டல்ல ஆளுக்கு ரெண்டு கருவின்னா டோக்கன் காலி! இது உங்க லேப்டாப் குத்தம் இல்லை. வார்டன்கிட்ட சொல்ல வேண்டிய விஷயம்.

ஸ்டாப் 7: தூங்குமூஞ்சி கார்டு

அஞ்சு பத்து நிமிஷம் சும்மா விட்டா கனெக்‌ஷன் போயிடுதா? பேட்டரி மிச்சம் பிடிக்க விண்டோஸ் உங்க கார்டைத் தூங்க வைக்கலாம். டிவைஸ் மேனேஜர் போய், நெட்வொர்க் அடாப்டர்ஸ்ல வயர்லெஸ் கார்டைத் தேர்ந்தெடுத்து, பிராப்பர்ட்டீஸ்ல 'பவர் மேனேஜ்மென்ட்' திறங்க. முதல் டிக் மார்க்கை எடுத்துடுங்க. (சில மாடல்ல இந்தப் பக்கமே இருக்காது.)

சமீபத்து அப்டேட்டுக்கு அப்புறம்தான் தொல்லையா? அதே பிராப்பர்ட்டீஸ்ல 'டிரைவர்' பக்கத்துல 'ரோல் பேக்' இருந்தா பழைய டிரைவருக்குத் திரும்பலாம். கடைசி ஆயுதம் 'நெட்வொர்க் ரீசெட்'. சேமிச்ச பாஸ்வேர்டு எல்லாம் போயிடும், எழுதி வெச்சுக்கிட்டுப் பண்ணுங்க. ஃபார்மட் வரைக்கும் போக வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.

ஸ்டாப் 8: மூடிக்குள்ளே

ரவுட்டர் பக்கத்துல உட்கார்ந்தா சூப்பர், நாலடி தள்ளினா அவுட். மூடியைச் சாய்க்கும்போது கட் ஆகுது. இப்படின்னா ஆன்டெனா ஒயர்ல சந்தேகம். அது பொதுவா திரையைச் சுத்தி இருந்து, கீல் வழியாத்தான் கார்டுக்கு வரும். திரை மாத்தினப்போ கழண்டிருக்கலாம். இங்கேதான் சர்வீஸ் கடை அண்ணன் தேவை. 'கார்டை மாத்துறதுக்கு முன்னாடி ஆன்டெனா ஒயர் ஒழுங்கா மாட்டியிருக்கான்னு பாருங்கண்ணா'ன்னு சொல்லிக் கொடுங்க. அதுவரைக்கும் சில நூறு ரூபாய்ல கிடைக்கிற யு.எஸ்.பி. வைஃபை அடாப்டர் கை கொடுக்கும்.

குட்டித் தகவல்: வைஃபைன்னா 'வயர்லெஸ் ஃபிடெலிட்டி'னு அடிச்சு விடுறவங்க அதிகம். உண்மையில அது எதுக்கும் சுருக்கம் இல்லை. 1999-ல ஒரு பிராண்டிங் கம்பெனி வெச்ச பேரு, அவ்வளவுதான்!

சரி, நாளைக்கு டெஸ்ட்?

எட்டு ஸ்டாப்பும் முடிஞ்சு இன்னும் அடம் பிடிச்சா, இன்னிக்கு ராத்திரி வைஃபையை மறந்துடுங்க. ரவுட்டர்ல இருந்து லேன் ஒயரை நேரா லேப்டாப்ல செருகுங்க. ரவுட்டரே இல்லையா? போனை சார்ஜர் கேபிள்ல லேப்டாப்போட இணைச்சு, 'யு.எஸ்.பி. டெதரிங்' ஆன் பண்ணுங்க. வைஃபை கார்டுக்கு இதுல வேலையே இல்லை. போனுக்கும் சார்ஜ் ஏறும்.

டவரே திணறினா? அப்போ காலேஜ் லேபோ, டவுன்ல பிராட்பேண்ட் இருக்கிற சித்தப்பா வீடோதான். பௌர்ணமின்னா கிரிவலப் பாதையில வண்டி விடுறதுக்குக் கட்டுப்பாடு இருக்கும். அதனால ஆறு மணிக்கே கிளம்பிடுங்க, நடந்தாவது. சார்ஜரை மறக்காதீங்க.

ஆல் தி பெஸ்ட்!