வோல்டேஜைக் கூட்ட முதல் கொஞ்சம் பொறுங்கோ

ஈஸ்டர் கிட்ட வந்தால் ரொம்மன் பக்கத்து அடுக்குமாடிகளில் கொம்பியூட்டர் பெட்டிகள் திறபடத் தொடங்கிவிடும். 1992இல் தொடங்கிய 'த கேதரிங்' என்ற கணினித் திருவிழாவுக்கு, ஹாமரில் இருக்கிற வைக்கிங்ஷிப்பெட் மண்டபத்துக்கு, தங்கள் மெஷினைத் தூக்கிக்கொண்டு போகிற பிள்ளைகளில் எங்கட பிள்ளைகளும் உண்டு. போகமுன் அதை இன்னும் கொஞ்சம் வேகமாக்கிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. தமிழ்ப் பாடசாலை வாசலில் என்னிடம் வருகிற கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "அண்ணா, 1.4 வோல்ட் போடலாமோ? யூடியூப்பில ஒராள் போட்டவர்."

பக்கத்தில் நிற்கிற அப்பாவுக்கு இந்தக் கதையே பிடிக்காது. பதினையாயிரம், இருபதாயிரம் குரோனர் குடுத்து வாங்கின சாமானை ஏன் நோண்டுவான் என்பார். அவரில் பிழையில்லை. ஆனாலும் நான் பிள்ளையின் பக்கம்தான். பெட்டியைத் திறந்து பார்க்கிற பிள்ளை, விளையாட்டு மட்டும் விளையாடுகிற பிள்ளையைவிட நிறையக் கற்றுக்கொள்ளும். ஒரு விஷயத்தை விளங்கிக்கொண்டு செய்தால் போதும்: வேகத்தைக் கூட்டுவதும் வோல்டேஜைக் கூட்டுவதும் ஒன்றல்ல.

வேகத்தை அளவுக்கு மிஞ்சிக் கூட்டினால் மெஷின் உறைந்து நிற்கும், நீலத்திரை வரும். பயோஸ் அமைப்பைப் பழையபடி ஆக்கினால் அநேகமாகச் சரி. வோல்டேஜ் அப்படியில்லை. புரொசெசர் தின்னும் மின்சக்தி, வேகத்தோடு நேராக ஏறும். வோல்டேஜோடு அதன் வர்க்கமாக ஏறும். 1.20இலிருந்து 1.35 வோல்டுக்குப் போனால், வேகத்தைத் தொடாமலே ஏறக்குறைய 27 சதவீதம் கூடச் சூடு. அதோடு 5 சதவீதம் வேகமும் கூட்டினால் 33 சதவீதம். ஐந்து சதவீத வேகத்துக்கு மூன்றிலொரு பங்கு கூடுதல் சூடு என்பது, என்னைக் கேட்டால், நட்ட வியாபாரம்.

சூட்டையாவது விசிறி பார்த்துக்கொள்ளும். உள்ளே நடப்பதை எந்த விசிறியும் பார்க்காது. ட்ரான்சிஸ்டருக்குள் இருக்கிற காப்புப் படலம் சில அணுக்கள் அளவு தடிப்புத்தான். அழுத்தமும் சூடும் அதை மெல்ல மெல்ல அரிக்கும். முந்தி 1.25 வோல்டில் ஓடின வேகத்துக்கு ஆறு மாதம் கழிய 1.28 தேவைப்படும். அதையும் கூட்டினால் தேய்மானம் இன்னும் விரைவாகும். இதற்கு மருந்து கிடையாது.

இதை மிகைப்படுத்திச் சொல்கிறேன் என்று நினைத்தால் 2024ஐ நினைத்துப் பாருங்கள். இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டொப் புரொசெசர்கள் பலருக்கு விளையாட்டின் நடுவில் விழத் தொடங்கின. அவர்களில் ஓவர்க்ளொக் பண்ணாத ஆட்களும் இருந்தார்கள். புரொசெசருக்குள் இருக்கிற மைக்ரோகோட், தேவைக்கு அதிகமான வோல்டேஜைக் கேட்டு வாங்கியிருக்கிறது என்று அந்த ஜூலையில் இன்டெலே ஒப்புக்கொண்டது. ஓகஸ்டில் வந்த திருத்தம் 1.55 வோல்டுக்கு மேல் கேட்பதைத் தடுத்தது. உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டினார்கள். ஆனால் ஏற்கனவே பழுதான சிப்பைத் திருத்தம் குணப்படுத்தாது. இந்தத் தலைமுறை புரொசெசர் வீட்டில் இருந்தால், முதல் வேலை பயோஸை அப்டேட் பண்ணுவது.

அதற்கு முந்தின வருடம் ஏ.எம்.டி.க்கு நடந்தது இன்னும் கொடுமை. 2023 ஏப்ரலில் ரைசன் 7 7800எக்ஸ்3டி சில கருகி, மதர்போர்ட் சொக்கெட்டையும் கொண்டுபோயின. பலர் செய்தது எக்ஸ்போ என்ற மெமரி அமைப்பை ஒரு சொடுக்கில் போட்டதுதான். சில மதர்போர்ட்கள் அதோடு சேர்த்து எஸ்.ஓ.சி. வோல்டேஜையும் சத்தமில்லாமல் உயர்த்தின. பிறகு ஏ.எம்.டி. அதை 1.3 வோல்டில் கட்டிப்போட்டது. "நான் ஓவர்க்ளொக் பண்ணேல்லை, மெமரிக்கு மட்டும்தான் போட்டனான்" என்பவர்கள் கவனிக்க வேண்டும்: எக்ஸ்போவும் எக்ஸ்.எம்.பி.யும் ஓவர்க்ளொக்கிங்தான். 'ஆட்டோ' என்ற சொல்லை மதர்போர்ட் கொம்பனியில் வைக்கிற நம்பிக்கையாக எடுக்கக்கூடாது.

ஊரில் வளர்ந்தவர்களுக்கு இன்னொரு விஷயம் சுலபமாக விளங்கும். தண்ணி மோட்டரைப் போட்டால் வீட்டு லைற் ஒரு கணம் மங்கும், நிற்பாட்டினால் சட்டென்று பிரகாசிக்கும். புரொசெசருக்கும் அதேதான்: பாரம் ஏறும்போது வோல்டேஜ் சரியும், பாரம் விலகும்போது துள்ளும். பயோஸில் 'லோட் லைன்' என்ற அமைப்பு அந்தச் சரிவை ஈடுகட்டும். அதை உச்சத்தில் வைத்தால் சரிவு போகும், ஆனால் துள்ளல் மோசமாகும். அந்தத் துள்ளலைச் சாதாரண மென்பொருள் காட்டாது. நடு நிலையில் விடுங்கள். கொஞ்சம் சரியட்டும், பரவாயில்லை.

செய்யத்தான் வேண்டுமென்றால், முதலில் ஒன்றையும் மாற்றாமல், முழுப் பாரத்தில் உங்கட சிப் எவ்வளவு வோல்ட் எடுக்கிறது, எவ்வளவு சூடாகிறது என்று எச்.டபிள்யூ.இன்ஃபோவில் பார்த்து எழுதி வையுங்கள். ஒரே பெயரில் வருகிற இரண்டு சிப் ஒரே மாதிரி இருப்பதில்லை. யூடியூப்காரரின் இலக்கம் அவரின் சிப்புக்கு. வோல்டேஜைத் தொடாமல் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். விழத் தொடங்குகிற இடத்தில் 0.01 அல்லது 0.02 வோல்ட் மட்டும் கூட்டிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். நிலையான வோல்டேஜைவிட 'ஒஃப்செட்' முறை நல்லது, சும்மா இருக்கும்போது வோல்டேஜ் இறங்கும். சோதனையை ஜன்னல் திறந்த ஜனவரி இரவில் மட்டும் செய்துவிட்டு நிற்காதீர்கள். அதே அறை ஜூலையில் 28 பாகையில் இருக்கும்.

என் சொந்த மெஷினில் நான் செய்வது இதற்கு நேரெதிர்: வோல்டேஜைக் குறைக்கிறேன். பல சிப்புகளுக்கு கொம்பனி தேவையைவிடக் கூடத்தான் வைத்து அனுப்புகிறது. கொஞ்சம் குறைத்தால் சூடு இறங்கும், அதனால் சிப் தானாகவே கூடிய வேகத்தை நெடுநேரம் பிடித்திருக்கும். அளவுக்கு மிஞ்சிக் குறைத்தால் மெஷின் விழும், சிலவேளை கோப்புகளும் பழுதாகும். படங்களையும் பாடங்களையும் வேறிடத்தில் பிரதி எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். சிப்புக்கு ஆபத்தில்லை.

அப்பாமாருக்கு ஒரு விஷயம். நீண்டகாலம் பாவிக்கவென்று செய்த பொருள் பழுதானால் 5 வருடம் வரை கடைக்காரரிடம் முறையிட நோர்வே நுகர்வோர் சட்டம் இடம் தருகிறது. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பாவிப்பவரே கருக்கின சிப்புக்கு அந்த உரிமை இல்லை.

ஹாமருக்குப் போகிறவர்களுக்கு: மெஷினைக் குளிர்ந்த காரில் ஏற்றி இறக்கி, சூடான மண்டபத்துக்குள் வைத்த உடனே போடாதீர்கள். குளிர்ந்த உலோகத்தில் ஈரம் படியும். பெட்டியின் கதவைத் திறந்துவிட்டு இரண்டு மணித்தியாலம் விடுங்கள், அதுக்குள்ள போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம்.